குதிரைக் காவலரின் குதிகால்

உயிரினங்கள் இதுவரை இரண்டு முறை படைக்கப்பட்டிருக்கின்றன. முதல் முறை குழு எதுவும் அமைக்கப்படவில்லை. அதன் விளைவைத்தான் உலகம் இன்றுவரை அனுபவிக்கிறது: ஒப்புதல் பெறாத கொம்புகள், காரணம் காட்டப்படாத வால்கள், அளவுக்குக் கையெழுத்துப் பெறாத கழுத்துகள். இரண்டாம் முறை எங்கள் அலுவலகத்தில், மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று ஐந்துக்கு, முறைப்படி நடந்தது. கடிதப் பிரிவு எழுத்தர் என்ற வகையில் அதற்கு நடவடிக்கைக் குறிப்பு எடுக்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

எங்கள் அலுவலகம் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்காக ஏற்பட்டது. சாலையில் இறங்கி எதுவும் செய்வதில்லை. அது வேறு துறை. அந்த ஆண்டு சிறுவர்களுக்காகப் பதினாறு பக்கப் படக்கதை ஒன்று வெளியிட முடிவாயிற்று. கதாநாயகன் ஒரு குதிரை. சீருடை போட்டுக்கொண்டு, நாற்சந்தியில் இரண்டு காலில் நின்று, கையை நீட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் போக்குவரத்துக் காவலர். இதை வரைய ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் ஓர் ஓவியர் நியமிக்கப்பட்டார். குதிரை ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் கடிதம். இரண்டில் எதுவானாலும் வரைவு எழுதுவது நான்.

ஓவியர் என் தங்கை மகள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது தேதிக்கு ஓர் இடம், பொருளுக்கு ஓர் இடம், பார்வைக்கு ஓர் இடம், கையெழுத்துக்கு ஓர் இடம் என்று எல்லாவற்றுக்கும் இடம் சொன்னார்கள். உறவுக்கு இடம் சொல்லவில்லை. ஆகவே முதல் நாளே அவளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார்.

தங்கை தொலைபேசியில் கேட்டாள். "அண்ணா, அங்க அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? கொஞ்சம் பாத்துக்கோ."

"உன் கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது."

"தங்கச்சிகிட்ட பேசறப்பவாவது மனுஷனா பேசேன்!"

பெண் இரண்டு வாரம் ஒரு குதிரை லாயத்தில் போய் உட்கார்ந்து நோட்டு நிறையக் கால்களாகவே வரைந்துகொண்டு வந்தாள். பிறகு காவலரை வரைந்தாள். மேற்படி செவ்வாய்க்கிழமை அந்தப் படம் பலகையில் மாட்டப்பட்டது. காற்சட்டையின் பின்புறம் பொத்தான் வைத்த ஒரு பிளவு. அதன் வழியாக வால் வெளியே வந்து ஒழுங்காகத் தொங்கியது. அகன்ற மார்பு. முகத்தின் இரு பக்கமும் பெரிய கண்கள். பார்த்தால் எந்த நேரமும் ஊதலை எடுத்து ஊதிவிடும் போலிருந்தது.

இயக்குநர் தம் தேநீர் ஆறும் வரை படத்தைப் பார்த்தார்.

"முட்டி பின்பக்கமா மடங்குதே."

"சரிதான் சார்," என்றார் துணை இயக்குநர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதையே சொல்லி வருவதால் அவரை அலுவலகம் முழுவதும் 'சரிதான்' என்றே அழைக்கும், அவர் இல்லாத இடத்தில்.

"அது முட்டி இல்ல சார். குதிகால்," என்றாள் அவள்.

அறை அமைதியானது. குறிப்பில் 'அமைதி' என்று எழுதினேன்.

"குதிகாலா? அவ்வளவு மேலயா?"

"ஆமா சார். குதிரை நுனிவிரல்லதான் நிக்குது. குளம்புங்கறது நகம். அதுக்கு மேல விரல், அதுக்கு மேல பாதம், அப்புறம்தான் இந்தக் குதிகால். முட்டி இங்க, வயித்துக்குப் பக்கத்துல. நம்ம முட்டி மாதிரியே முன்பக்கமாத்தான் மடங்கும்."

"ஒரு காவலர் பணி நேரத்துல நுனிவிரல்ல நிக்கறாரா?"

"எல்லா நேரத்துலயும் சார்."

"சுவரேறி எட்டிப் பாக்கற ஆள் மாதிரி," என்றார் சரிதான். அவர் சொந்தமாகச் சொன்ன முதல் கருத்து என்பதால் அடிக்கோடிட்டேன்.

அவள் விடவில்லை. "நாலு கால்ல நிக்கற உடம்பை ரெண்டு கால்ல நிறுத்தறோம். எடை எங்க இறங்கும்னு பாக்கணும் இல்ல? அதுக்குத்தான் இடுப்பை அகலமாக்கி, குளம்பைப் பெரிசு பண்ணியிருக்கேன். பொய்தான் சார். ஆனா எலும்பைக் கேட்டுட்டுச் சொன்ன பொய்."

"இந்தக் கை?"

"குதிரையால முன்னங்காலைப் பக்கவாட்டுல நீட்ட முடியாது. முன்னயும் பின்னயும்தான் வீசும். நமக்குக் கழுத்துக்குக் கீழ குறுக்க ஓடுதே, காறை எலும்பு, அது அதுக்கு இல்ல. ஆனா இவரு கையை நீட்டி வண்டியை மறிச்சாத்தானே குழந்தைங்க அந்தப் பக்கம் போக முடியும்? அதனால அந்த ஒரு எலும்பை மட்டும் கடன் வாங்கிக் குடுத்திருக்கேன்."

"யார்கிட்டேருந்து?"

"மனுஷங்ககிட்டேருந்து."

"பதிவேட்டுல ஏத்தியாச்சா?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர். எலும்பு அவர் பொறுப்பில் வரும் பொருளா என்று அவருக்கு ஐயம் வந்துவிட்டது.

"கண்ணு ஏன் காது பக்கம் போயிருக்கு?" என்று கேட்டார் இயக்குநர்.

"அப்படி இருந்தாத்தான் சார் சுத்திவரத் தெரியும். தெரியாத இடம் ரெண்டே ரெண்டு. நேர் பின்னால கொஞ்சம். அப்புறம், மூக்குக்கு நேர் முன்னால."

"மூக்குக்கு முன்னால இருக்கறது தெரியாத ஒருத்தரை நாம எப்படி வேலையில வெச்சுக்கறது?" என்றார் இயக்குநர். அனைவரும் சிரித்தோம். நான் சற்றுக் கூடுதலாகவே சிரித்தேன் என்று நினைவு.

அன்றே 'உடற்கூறு நம்பகத்தன்மை உறுதிப்பாட்டுக் குழு' உருவாயிற்று. நம்பகமான உடல் எது என்ற கேள்வி உலகில் முதல்முறையாக எழுப்பப்பட்டு, நான்கு நிமிடத்தில் தீர்க்கப்பட்டது. இயக்குநர் சொன்னார்: "நம்பகமான உடம்புன்னா நிரந்தரப் பணியில இருக்கற உடம்பு." இனி குதிரையின் ஒவ்வோர் உறுப்பும் நிரந்தர ஊழியர் ஒருவரின் உறுப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். தகுதிகாண் பருவத்தினரின் உறுப்புகள் கணக்கில் சேரா.

முதலில் குதிகால். ஸ்டோர் கீப்பரைக் காலணியைக் கழற்றச் சொல்லி நடைக்கூடத்தில் நுனிவிரலில் நடக்க வைத்தோம். நான் அளவு நாடாவோடு பின்னால் போனேன். பதினோராவது அடியில் அவர் பழைய கோப்புகள் அடுக்கிய அலமாரியைக் கட்டிப்பிடித்தார். பன்னிரண்டாவது அடியில் அவரும் அலமாரியும் சேர்ந்து விழுந்தார்கள். சோதனை முடிவைத் தெளிவாகப் பதிவு செய்தேன்: "குதிரை நடக்காது."

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. குதிகால் தரைக்கு இறக்கப்பட்டது. பாதம் ஸ்டோர் கீப்பருடையது, தட்டையாக. தோள் சரிதானுடையது, கூப்பிட்ட குரலுக்கு வளைந்த அந்தத் தோளில் கை மேலே எழவில்லை, ஆனால் பார்க்க மிகுந்த மரியாதையாக இருந்தது. வயிற்றை இயக்குநர் பெருந்தன்மையோடு தாமே தந்தார். சீருடைக்கு வெளியே எந்த உறுப்பும் தெரியலாகாது என்பதால் வால் நீக்கப்பட்டது. கண்கள் நேர்மையின் அடையாளமாக முன்பக்கம் கொண்டுவரப்பட்டன. நீண்ட முகம் சோகமாக இருப்பதாகக் கருதி இயக்குநரின் முகத்தளவுக்குக் குறைக்கப்பட்டது. விரல்கள் என்னுடையவை. மறைப்பானேன், எனக்கு அதில் பெருமைதான். காது மட்டும் குதிரைக்கே விடப்பட்டது, ஆதாரத்துக்காக.

எல்லாவற்றையும் அவள்தான் வரைய வேண்டியிருந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள்.

"மாமா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சரி, சார். நடவடிக்கைக் குறிப்புல ஒரே ஒரு வரி சேருங்க. குதிரைக்குக் குதிகால் மேலதான் இருக்குன்னு நான் சொன்னேன்னு. அது என் கருத்து இல்ல, எலும்பு."

"குறிப்புல உறுப்பினர்கள் பேசினதுதான் வரும். நீ உறுப்பினர் இல்ல."

"நாளைக்கு இந்தப் படத்தைப் பாத்து யாராவது சிரிச்சா, நான்தானே வரைஞ்சேன்னு என் தலையிலதான் விழும். அந்த ஒரு வரி இருந்தா நான் தப்பிப்பேன். உங்களுக்கே தெரியும்."

"உரிய வழியில் எழுதிக் குடு."

"உரிய வழின்னா யார்கிட்ட?"

"கடிதப் பிரிவு."

"அது நீங்கதானே?"

"ஆமா. பரிசீலிக்கிறேன்."

அவள் அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தாள். பெற்றுக்கொண்டு முத்திரை குத்தினேன். வரிசை எண் போட்டேன். மூன்றாம் நாள் 'உரிய படிவத்தில் இல்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பினேன். விதி எவ்வளவு பாரபட்சமற்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று காட்ட முடியாது.

அச்சுக்குப் போகும் முன் ஒரு பள்ளியில் 'முன்னோட்ட வாசிப்பு' வைத்தோம். முப்பது பிள்ளைகள், இரண்டாம் வகுப்பு. இயக்குநரே படத்தை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார்.

"இது யாரு, சொல்லுங்க பாப்போம்?"

யாரும் சொல்லவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "இவருக்குக் காதுல என்ன ஆச்சு?"

"இவரு குதிரைம்மா."

"வாலு எங்க?"

"வால் தேவைப்படல."

அவள் படத்தையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வயதில் குழு மனப்பான்மை வந்திருக்காது. "குதிரை இல்ல. இது நீங்க! காது மட்டும் ஒட்ட வெச்சிருக்கீங்க!"

வகுப்பு அதிரச் சிரித்தது. சரிதான் அவசரமாக அடுத்த பக்கத்தை உருவ, படங்கள் வைத்த அட்டைக்குள்ளிருந்து ஓவியர் வரைந்த முதல் படம் நழுவித் தரையில் விழுந்தது.

"குதிரை!" என்று முப்பது குரல் கிளம்பியது. "நிஜக் குதிரை! போலீஸ் குதிரை!"

அந்தச் சிறுமி படத்தின் காலை உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் குதிகாலைத் தூக்கி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, நுனிவிரலில் நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் கிளம்பினார்கள். முப்பது பேரும் குதிகால் தரையில் படாமல் வகுப்பறையை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். யாரும் விழவில்லை. ஏற்கெனவே பதிவான சோதனை முடிவுக்கு முரண் என்பதால் இது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் இயக்குநர் படத்தை அட்டைக்குள் திணித்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னைக் கேலி பண்ணி வரைஞ்சிருக்கா."

"சரிதான் சார்."

"குதிரைன்னா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியவே இல்ல."

"சரிதான் சார்."

அளவுகளைத் தந்தது யார் என்று வண்டியில் இருந்த மூவருக்கும் தெரியும். மூன்று பேரில் ஒருவர் மடியில் நடவடிக்கைக் குறிப்பேடு இருந்தது. பேனாவும் இருந்தது. சாலை மிகவும் குலுங்கியதால் எழுத வசதிப்படவில்லை.

மறுநாள் கடிதத்துக்கு வரைவு எழுதினேன். "பொருள்: தகுதிகாண் பருவம் முடித்துவைத்தல் தொடர்பாக. விலங்குகளின் உடற்கூறு பற்றிய போதிய அறிவின்மை காரணமாக, தங்கள் பணி இத்துடன் நிறைவுறுகிறது." மொத்தம் ஒன்பது வரி. ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. என் பணிக்காலத்திலேயே மிகச் சிறந்த கடிதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இயக்குநர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். நம்பிக்கை என்றால் அது.

அவள் என் மேசை முன்னால் நின்றே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க, சார்."

அலுவலக நேரம் முடிந்திருந்தது. சார் என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓர் உறையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

உறையின் மேல் முறையாக 'கடிதப் பிரிவு எழுத்தர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே முதலில் ஒரு படிவம். இந்த முறை உரிய படிவம். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தாள். 'அலுவலகத்தில் பணிபுரியும் உறவினர்' என்ற கட்டத்தில், 'இல்லை'.

இணைப்பாக ஒரு படம். மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதும் ஒரு குதிரை. என் கண்ணாடி. நான் பேனா பிடிக்கும் விதம். குழு ஏற்றிருந்த முறைப்படி அளவு நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கினேன். நாற்காலிக்கு அடியில் குதிகால் உயரத்தில் இருந்தது. எந்த நொடியிலும் எழுந்து ஓடத் தோதாக. வால் உள்ளே சுருண்டிருந்தது. காதுகள் இரண்டும் பின்னால் திரும்பி இயக்குநர் அறைக் கதவைக் கேட்டுக்கொண்டிருந்தன. கண்கள் பக்கவாட்டில், சுற்றிலும் நடப்பதெல்லாம் தெரியும்படி. எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் மட்டும் மூக்குக்கு நேர் முன்னால்.

ஒரே ஒரு வேறுபாடு கண்டேன். நாற்சந்தியில் நின்ற குதிரைக்குப் பிள்ளைகளுக்காக மனிதர்களிடமிருந்து கடன் வாங்கிக் கொடுத்தாளே, அந்தக் காறை எலும்பை இந்தக் குதிரைக்கு அவள் கொடுக்கவில்லை. இதன் கை முன்னாலும் பின்னாலும்தான் போகும். பக்கத்தில் நிற்கும் ஒருத்திக்காக நீளாது.

மறுபடி அளந்து பார்த்தேன். பிழை ஏதுமில்லை. 'உடற்கூறு முற்றிலும் நம்பகமானது' என்று படத்தின் ஓரத்தில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டேன்.