பெட்டி கிளம்பிவிட்டது, பையன் கிளம்பவில்லை

தெனாலி,
சனிக்கிழமை மாலை.

மகாராஜஸ்ரீ பாவகாரு கோடேஸ்வரராவ் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் சாம்பசிவராவ் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை சேஷாரத்னமும் க்ஷேமம். அங்கே தாங்களும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பதோடு, தங்களுடைய மூட்டுவலியும் விலகியிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். போனில் பேசினால் எங்கள் பையன் யஷ்வந்த் காதில் விழும். விஷயமே அவனைப் பற்றியதுதான்.

தங்கள் மருமகனுக்கு ஐதராபாத்தில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்ததும், திங்கட்கிழமை காலை சேராவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும் என்று அவர்கள் எழுதியிருப்பதும் தாங்கள் அறிந்ததே. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவன் வேலைக்குத் தயாராக இருக்கிறானா என்று பார்க்க வேண்டியது தகப்பன் கடமையல்லவா? போன வாரம் மிக்ஸியைக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். பூட்டினான். நான்கு திருகாணிகள் மிச்சம். "இதெல்லாம் என்னடா?" என்றால், "அது எக்ஸ்ட்ரா நான்னா" என்று பெற்ற அப்பனிடமே சொன்னான். தங்கள் தங்கை கோங்குராக் கீரை போட்டு அரைத்தாள். மூடி பறந்தது. இன்றைக்கும் எங்கள் சமையலறைக் கூரையில் கோங்குரா பச்சடி இருக்கிறது, கரண்டிதான் எட்டவில்லை. சரி, கைவேலை வராவிட்டாலும் ஆபீஸ் ஒழுங்காவது வரட்டும் என்று, எது வேண்டுமானாலும் என்னிடம் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அதிலிருந்து பையன் தூங்குவதற்கு மட்டும்தான் அனுமதி கேட்கிறான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் பாவகாரு. பெட்டி விவகாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், ஐதராபாத் பக்கம் கிளம்பக் கூடாது என்று சாஸ்திரிகாரு சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை திவ்யமான நேரம், பிரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார். நம் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா, நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆளே கிளம்பியதாகக் கணக்கு, பிறகு ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பெட்டியைப் பக்கத்து வீட்டு ராஜ்யலக்ஷ்மி அக்காவின் கூடத்தில் வைத்தோம். சட்டைகள், சர்டிபிகேட்டுகள், ஆவக்காய் ஊறுகாய் எல்லாம் அதற்குள். வெள்ளிக்கிழமை அந்த அம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு பீமவரத்துக்குப் பறந்துவிட்டாள். போன் பண்ணினால், "சாவி என் இடுப்புலயே பத்திரமா இருக்கு தம்பி, நீ ஒண்ணும் கவலைப்படாத" என்கிறாள்.

பேறுகாலத்துக்குப் போனவள் வீட்டுப் பூட்டை உடைப்பது பெரும் பாவம் என்று தங்கள் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாகக் குடையின் வளைந்த பிடியை விட்டுப் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். பெட்டி நகர்ந்தது, கட்டிலுக்கு அடியில். அதற்குள் தெருவே கூடிவிட்டது. "ரிடையர் ஆன பெறகு இந்த வேலையா சூப்பர்வைசர்காரு?" என்று எதிர்வீட்டுக்காரன் கேட்டான். மானம் போனது.

கம்பெனிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். பையன் போனைப் பிடித்தான். நான் எதிரில் நின்று கழுத்தைத் தொட்டுக் காட்டினேன், இருமிக் காட்டினேன், போர்வையே போர்த்திக் காட்டினேன். அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு, "காய்ச்சல்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க நான்னா, அதையும் பெட்டிக்குள்ளதான் வெச்சேன்னு சொல்லவா?" என்றான். பிறகு போனில் இருந்த கம்பெனி அம்மாவிடம், "மேடம், எங்க வீட்ல நல்ல நேரம் பாத்துப் பெட்டிய பக்கத்து வீட்ல வெச்சிட்டாங்க. அவங்க பூட்டிட்டுப் போயிட்டாங்க. பெட்டி கெளம்பிடுச்சு, நான்தான் இன்னும் கெளம்பல. என்ன பண்ணட்டும்?" என்று நடந்ததை நடந்தபடியே ஒப்பித்துவிட்டான்! அந்த அம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. "எங்கம்மாவும் எனக்கு இப்படித்தாம்ப்பா பண்ணாங்க. பெட்டி கெடச்சா மறுபடி உங்க வீட்டுக்குள்ள கொண்டு போயிடாதீங்க, தோஷம். சர்டிபிகேட் அடுத்த வாரம் குடுக்கலாம், திங்கட்கிழமை நீங்க வந்து சேருங்க" என்றாளாம்.

பார்த்தீர்களா? ஆபீஸோடு பேசிய முதல் பேச்சிலேயே உண்மையைச் சொல்கிறவன் எப்படிப் பிழைப்பான்? பஸ் டிப்போவில் என் சர்வீஸ் முழுவதும் நான் ஒரு நாளாவது அப்படிச் செய்திருப்பேனா? இருப்பது ஒரே பிள்ளை. ஆகையால் தாங்கள் அந்தக் கம்பெனிப் பெரியவரைப் பார்த்து, பையன் இன்னும் பக்குவப்படவில்லை, ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஐதராபாத்திலேயே முடி நரைத்த தங்களுக்கு அவரைத் தெரியாமலா இருக்கும்? அந்த ஒரு மாதத்தில் அவனை நான் ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். கடிதத்தை நாளைக் காலை பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். கோட்டப்பகொண்ட ஈஸ்வரன் தங்கள் குடும்பத்தைக் காப்பாற்றுவாராக.

தங்கள் அன்புள்ள,
சாம்பசிவராவ்

பின்குறிப்பு (ஞாயிறு காலை, பஸ் நிலையத்தில்): மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது டிரைவர் அல்ல, யஷ்வந்த்தான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வந்து சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். சட்டை அவனுக்குத் தொளதொள என்று தொங்குகிறது. "மாமாவுக்கா? குடுங்க, நானே குடுத்துடறேன். என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான். ஏதாவது பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்து வாயில் வரவில்லை. "உனக்கு இன்னும் வேலைக்குப் போகத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன்டா" என்றேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான் தெரியல நான்னா. போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். தாங்கள் அவனுக்கு வயிறாரச் சோறு போடுங்கள் பாவகாரு, அது போதும்.