நாலு பலகைக்கும் ஒரே பேர்

பெரிய அதிகாரி சோதனைக்கு வரப் பத்து நாள்தான் இருந்தது. அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டரின் கண்ணில் அந்த வினை பட்டது. முதல் நடைமேடைப் பலகையில் ஊரின் பழைய பெயர். இரண்டாவதில் புதுப் பெயர். வாசலில் புதுப் பெயரோடு 'சந்திப்பு' என்று ஒரு வால். அங்கே எந்தப் பாதையும் எதையும் சந்தித்ததில்லை. காத்திருப்பு அறையிலோ பக்கத்து ஸ்டேஷனின் பெயர். என்றோ இரவல் வாங்கிய பலகையாம்.

ஆறு வருஷமாக இதே பலகைகளுக்கு அடியில்தான் மனுஷர் கொடியாட்டிக்கொண்டிருந்தார். இப்போது திடீரென்று கண் திறந்ததற்குக் காரணம், பழைய பெயரைப் போட்டு அவர் அனுப்பியிருந்த மாறுதல் மனு. மனைவி வேறு ஊரில் நர்ஸ். மாசத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்க்கிற இவரை மகள் 'லீவு அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். மாறுதல் தரவேண்டியவரோ இதே அதிகாரி.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள்.

பெயின்டரைப் பிடித்து நாலு பலகையிலும் பழைய பெயரை எழுதச் சொன்னார். டிக்கெட்டில் அச்சாவது புதுப் பெயர். மறுநாள் ரயிலில் வந்தவர்களில் பாதிப் பேர் இறங்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து டிக்கெட் கிளார்க்கின் சட்டையைப் பிடித்தார்கள்.

சரி, சோதனைக்கு வருவதாக அதிகாரி எழுதிய கடிதத்தில் இருக்கிறபடியே போகட்டும் என்று புதுப் பெயரோடு 'சந்திப்பு' சேர்த்தார். ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு இறங்கி, மாற்று ரயிலுக்காகச் சாயங்காலம்வரை காத்துக் கிடந்தது. அப்படி ஒரு ரயிலே கிடையாது என்று இவர் சொன்னபோது அந்த வீட்டு அம்மா விட்ட டோஸை ஸ்டேஷனே வேடிக்கை பார்த்தது.

"இனிமே சாக்பீஸ்ல எழுதிக்கலாமே சார், அழிக்க வசதி" என்றார் பெயின்டர்.

கேலியை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை. கடைசியாக, வெறும் புதுப் பெயர். நாலு பலகையோடு நிற்காமல் தண்ணீர்த் தொட்டி, தபால் பெட்டி, தீயணைக்கிற மண் வாளி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் எழுத வைத்தார். பழைய பெயர் இருந்த சுவடே தெரியவில்லை.

அதிகாரி வந்தார். மண் வாளி வரை குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவு ஒழுங்கான ஸ்டேஷனை நான் பார்த்ததே இல்ல. உங்க மாறுதல் உத்தரவை நாலு நாளைக்கு முன்னாடியே தபால்ல போட்டாச்சே. இன்னிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இல்லேன்னா அந்த இடம் அடுத்தவருக்குப் போயிடும்."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. தபால் எதுவும் வரவில்லையே. வாசலில் தபால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஊருக்கே புதுசு, வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான். ஓடிப்போய் அவரிடம் கேட்டார்.

"வந்துச்சு சார், ஆனா வேற ஏதோ ஸ்டேஷன் பேரு போட்டிருந்துச்சு. மண் வாளி வரைக்கும் தேடிப் பார்த்துட்டு, அப்படி ஒரு ஸ்டேஷனே இங்க இல்லேன்னு எழுதி நேத்தே திருப்பி அனுப்பிட்டேன்."