யானையோடு தைக்கப்பட்டவன்

அவமானம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாமனார் வரும் நேரம் மட்டும் அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். கோட்டைக்குள் வாடகை வீடு. என் மனைவி ஜானகி பிரசவத்துக்கு நாகர்கோவிலில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் பிறந்து மாதங்கள் ஆகியும் மாமனார் அவளை அனுப்பவில்லை. "மாப்பிள்ளை வீடு தங்கற மனுஷர் இல்லை" என்பது அவர் புகார். (புகாரில் திருத்த ஒன்றுமில்லை. செய்தி எங்கேயோ, நான் அங்கே.) நேரில் வந்து பார்த்துவிட்டுத் தீர்மானிப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் கண்ணில் படும்படி குழந்தைக்கு ஒரு மெத்தை விரிப்பு செய்ய நினைத்தேன். பழைய வேஷ்டிகளை அடுக்கித் தைத்தது, எனக்குச் சமைத்துப்போட வந்திருந்த என் அக்கா. மேலே யானை போடுகிறேன் என்றது நான். பூவேலைக்குத் தையல் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் மாட்டி, காலால் மிதித்தபடி கையால் நகர்த்த வேண்டும். கடையில் ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்திருந்தேன். (பார்த்ததெல்லாம் செய்ய வரும் என்று நம்புவது பத்திரிகைக்காரன் வியாதி.)

வாலை முடிக்கும்போது வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றினார். எழப் பார்த்தேன், முடியவில்லை. விரிப்புக்கு அடியில் ஏறிக் கிடந்த, நான் கட்டியிருந்த வேஷ்டியையும் அடுக்கில் ஒன்றாக நினைத்து, தும்பிக்கையிலிருந்து வால் வரை சேர்த்தே தைத்திருந்தேன்.

"வாங்கோ" என்றேன், உட்கார்ந்தபடியே.

மாமனார் முகம் இறுகியது. அக்கா பதறினாள்.

"எழுந்திருடா! யார் வந்திருக்கா பாரு!"

"பாத்தேன் அக்கா."

"பின்னே? காலுக்கு என்ன கேடு?"

"விடு அம்மா. பெரிய மனுஷர்" என்று மாமனார் குடையை எடுத்தார். "நாகர்கோவில் பஸ் இனி எப்போ?"

அந்த பஸ்ஸில் என் குடும்பமும் போய்விடும் என்று தோன்றியது. துள்ளி எழுந்தேன். ஊசி முறிந்தது. இடுப்பில் விரிப்பு தொங்க, அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்தேன்.

நான் எழுந்ததும் மாமனார் குனிந்து பார்த்தார்.

"இது பன்னியாக்குமா?"

"யானை."

"வேஷ்டியில எதுக்கு?"

"குழந்தைக்கு."

மாமனார் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "அடுத்த வாரம் ஜானகியைக் கொண்டுவிடறேன். இவரை வீட்டுல தங்க வைக்க வழி தெரியாம இருந்தேன். தைச்சுப் போட்டா தங்குவார், கேட்டேளா?"

ஜானகி வந்தாள். வந்த அன்றே அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இன்றும் இருட்டிய பிறகு நான் சட்டையை மாட்டினால் உள்ளேயிருந்து ஜானகியின் குரல் வரும்: "மெஷினுக்கு எண்ணெய் போடட்டுமா?"