பின்னால் போன இன்டிபென்டன்ட்

விளக்கம் சொல்லிச் சொல்லியே, கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததையும் மறக்கடிக்கும் திறமை நான் பார்த்த மனிதர்களில் ஒருவருக்குத்தான் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த இன்டிபென்டன்ட் சார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மேலதிகாரிக்கே மறந்துபோயிருந்தது.

சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். அங்கே ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது, கை மாறிக் கை மாறி இவரிடம் வந்திருந்தது. ஓடும். ஆனால் ஓடுவதைவிடக் குதிப்பதுதான் அதிகம். வாங்கிய புதிதில் மனைவி சரோஜா அக்காவை அதில் ஏற்றிக் குறிஞ்சிப்பாடியில் இருந்த அக்காவின் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்கா அங்கே ஒரு வாரம் இடுப்பு வலியில் குப்புறப் படுத்திருந்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தக் காரை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று பிடித்தது சாருக்கு, காரைக் குலுங்காமல் ஓடவைக்கும் வெறி. ஒருநாள் என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப் போய்க் காரின் அடிவயிற்றைக் காட்டினார்.

"பாருங்க சார், பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே தண்டு. கூட்டுக் குடும்பம். ஒருத்தன் பள்ளத்துல விழுந்தா இன்னொருத்தனும் சேந்து அழணும். இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் போட்டா தனிக்குடித்தனம். அவனவன் பள்ளம் அவனவனுக்கு."

நான் பலமாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது தனிக்குடித்தனம் போகப் போவது சக்கரமா, தண்டா, இல்லை சாரேதானா என்று குழப்பமாகிவிட்டது.

இதற்குள் அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கியது. டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகிறவர்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போகப்போவது பிளாட்டா, இன்டிபென்டன்டா? தனி வீடு என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை. இன்டிபென்டன்ட் என்றாலே போதும், எல்லாருக்கும் விளங்கிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடை ஒன்றிலிருந்து சாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேறொரு கம்பெனியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். எதிலோ மோதி முகம் நசுங்கியிருந்தது, தனிக்குடித்தனச் சக்கரங்களோடு பின்பக்கம் மட்டும் பிழைத்திருந்தது. சார் வாசலில் நின்றபடியே, "சரோ, நமக்கு இன்டிபென்டன்ட் அமைஞ்சிடுச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அக்கா கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்தார். எந்தப் பக்கம் பார்த்தது என்று என் மனைவி சாரிடம் விசாரித்தாள். "பின்பக்கம்தாங்க" என்றார் அவர். பின்பக்கம் என்பது வாஸ்துவில் எந்தத் திசை என்று அவள் இரண்டு நாள் என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து இறங்கியது, கிரீஸ் வழியும் ஒரு இரும்புக் குவியல். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். கத்தவில்லை.

"வூடு நான் பாத்துக்கறேன். அண்ணன் வூட்டு மாடி காலியாத்தான் கெடக்குது. ஆனா இந்தக் காரு நம்மகூட வரணும்னா, நான் அதுல உக்காந்துகினு போவணும், இடுப்பு வலிக்கக் கூடாது. வலிச்சுதுன்னா பழைய இரும்புக் கடைதான்."

சார் சோற்றை மறந்து வேலை செய்தார். சிவப்புக் காரின் பின்பக்கம் பச்சையைவிட அகலம். தண்டுகளை அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைத்தார். புதிதாகத் தாங்கிகள் செய்தார். கடைசியில், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற உருண்டை மட்டும் எப்படி வைத்தாலும் உட்காரவில்லை. அதைக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் அச்சாகப் பொருந்தின. "சிவப்புக்குத் தலைகீழா இருந்தா பச்சைக்கு நேரா இருக்கு சார்" என்றார். எனக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

குவார்ட்டர்ஸ் காலி செய்கிற நாள். சாமான் ஏற்றிய லாரி தெருமுனையில் நின்றது. அக்கா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். தெருவே கூடியிருந்தது. சார் முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போனது. இரண்டாவதைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் வந்தது. உருண்டையைக் கவிழ்த்ததில் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றுகின்றன என்று புரிய அவருக்கே கொஞ்ச நேரம் ஆனது. முகம் கறுத்துவிட்டது.

"எறங்கிடு சரோ. இரும்புக் கடைக்கே போவட்டும்."

அக்கா இறங்கவில்லை. பின்னால், தெருவின் பாதியில், தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தைக் காட்டி, அதன்மேல் விடச் சொன்னார். சார் தயங்கித் தயங்கி விட்டார். ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. மற்றது அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அக்கா மெல்ல இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"குலுங்கலைங்க. முன்னாடிதான் போவணும்னு நான் எப்பச் சொன்னேன்? அப்படியே லாரி வரைக்கும் வுடுங்க, அதுல ஏத்திக்கினு போலாம்."

சார் கழுத்தைத் திருப்பி வழி பார்த்து ஓட்டினார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. டவுன்ஷிப்பை விட்டு எத்தனையோ பேர் போனதைப் பார்த்திருக்கிறேன், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவார்கள். சரோஜா அக்கா மட்டும் தெருமுனை வரைக்கும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.