மேற்குச் சுவரில் ஒரு காற்று ஓட்டை

செடிகள் செத்துக்கொண்டிருந்தன. அறையில் காற்று இல்லை. ஏசி இருந்தது.

ஏசி வைத்தவர் புன்லெர்ட். கோன் கேன் ஊரில் ஆயுசு முழுக்க ஏசி மெக்கானிக். வங்கியைக் குளிரவைத்தவர். பிணவறையைக் குளிரவைத்தவர். சொந்த வீட்டில் மூன்று கஞ்சாச் செடி மூச்சு விட வழி பண்ணத் தெரியவில்லை. ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது. தொழிலில் முதல் பாடமே இதுதான். முதல் பாடம்தான் முதலில் மறக்கும்.

கஞ்சாவை வீட்டில் வளர்க்கலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்த சமயம். ஊரே வளர்த்தது. பல் டாக்டர் வளர்த்தார். ரிட்டயரான போலீஸ்காரர் வளர்த்தார். பக்கத்து வீட்டுத் தோங்பை அக்கா கன்று விற்றாள். புன்லெர்ட் மூன்று வாங்கினார். மற்றவர்கள் மாதிரி வாசலில் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றலாம். ஊற்றுவாரா? மெக்கானிக் ஆயிற்றே. விளக்கு, ஏசி, பூட்டிய அறை, விஞ்ஞான முறை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசைக் கடைவீடுகளில் கடைசி வீடு அவருடையது. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. கிழக்கே தோங்பை அக்கா வீட்டுச் சுவர். முன்னால் கூடம், பின்னால் சமையலறை. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் நர்சு படிக்கிற பெண்களின் விடுதி. பசியோடு போகிற பெண்கள், பசியோடு வருகிற பெண்கள்.

புன்லெர்ட்டின் மனைவி லம்துவன் பல வருடமாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகச் சோம்தாம் விற்க வேண்டும். பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாயும் புளிக்கவைத்த மீனும் போட்டு உரலில் இடிக்கிறது. அவள் இடித்தால் சந்துக்கே எச்சில் ஊறும்.

புன்லெர்ட்டும் பல வருடமாக ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மேற்கு, சாவோட திசை. பொணத்தைத்தான் மேற்கே தலைவெச்சுக் கிடத்துவாங்க. அங்க ஜன்னல் வெக்கிறது எமனுக்கு வாசல் வெக்கிற மாதிரி."

அந்த ஊரில் இதற்கு மேல் பேச முடியாது. லம்துவனும் பேசவில்லை. மத்தியானம் அந்த அறையில் அவர் குறட்டை விடுவார். எமனைவிட அந்தத் தூக்கம்தான் காரணம் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது தூக்கத்தைக்கூடச் செடிக்குத் தியாகம் செய்திருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, உள்ள மழை பேஞ்சுதா?"

"ஈரப்பதம்."

"செவுத்துல பச்சையா ஏறுதே, அதுவும் கஞ்சாவா?"

"பூஞ்சை."

"ஓ. அது நல்லா வருது."

புன்லெர்ட்டுக்குச் சுருக்கென்றது. கதவுக்கு மேலே ஒரு மின்விசிறி பொருத்தினார், உள்ளே இருக்கிற காற்றைக் கூடத்துக்குத் தள்ளுகிற மாதிரி. தள்ளியது. வீடு முழுக்க மரநாய் குடித்தனம் வந்தது போல நாற்றம். செடிகள் அப்படியேதான் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. கதவை இழுத்தால் திறக்க மறுத்தது.

"உள்ளேருந்து யாரோ இழுக்கிறாங்க போலிருக்கே" என்றாள் லம்துவன்.

"காத்தழுத்தம்டி. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். ஆனா வெளிய தள்ளுறதுக்கு மட்டும் வழி வெச்சா எப்படிங்க? உள்ள வர வேணாமா? வரும்படி இல்லாம செலவு மட்டும் பண்ற குடும்பம் மாதிரி இருக்கே?"

சுவர்களைப் பார்த்தார். முன்னால் கூடம், அங்கேதான் நாற்றத்தைத் தள்ளுகிறார். பின்னால் சமையலறை, அவள் மிளகாய் வறுத்தால் செடி தும்மிச் சாகும். கிழக்கே தோங்பை அக்காவின் படுக்கை அறை. மிச்சம் ஒரு சுவர்தான்.

லம்துவன் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! வேணாங்க! மேற்கு!"

வேண்டாம் என்று அவள் சொன்னதை அவர் என்றைக்குச் செய்யாமல் விட்டார்?

"நான் என்ன ஜன்னலா வெக்கிறேன்? ஓட்டை. ஓட்டை வேற, ஜன்னல் வேற."

"எமன்..."

"இத்தினியூண்டு ஓட்டைல அவன் எப்படி வருவான்? எருமை வேற இருக்கு."

"அப்ப வீட்டுச் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்" என்று போனாள். முற்றத்தில் கம்பத்தின் மேல் இருக்கும் சாமி வீட்டுக்கு ஊதுவத்தி ஏற்றி, சிவப்பு சோடா ஒரு பாட்டில் ஸ்ட்ரா போட்டு வைத்துவிட்டு வந்தாள். "சொல்லியாச்சு. அவரு ஓட்டை போடுறாருன்னு சொன்னேன். அளவு சொல்லல."

முதலில் கைமுட்டி அளவு துளைத்தார். கூரைப் பக்கம். செடிகள் அசையவில்லை.

"என்னங்க, சூடான காத்து மேல போகும், குளுந்த காத்து கீழ நிக்கும்னு சொல்வீங்களே, அது ஏசிக்கு மட்டுமா?"

அவர் முகம் சிவந்தது. மேல் ஓட்டையை அடைத்தார். இடுப்பு உயரத்தில் புதிதாகப் போட்டார். வாளி அளவு. அன்று சாயங்காலமே ஒரு செடி நிமிர்ந்தது.

"பாருங்க, ஒண்ணு பொழைச்சுக்கிச்சு! மத்த ரெண்டும் பாவம், மூச்சு முட்டுது."

இன்னும் அகலமாக்கினார். தோங்பை அக்கா சந்தில் நின்று பார்த்தாள். "தம்பி, ஓரம் கோணலா இருக்கு. கோணலா இருந்தா காத்து தடுமாறும்."

காற்று தடுமாறுமா? கேட்டிருக்கலாம். மெக்கானிக்கின் வேலையைக் கோணல் என்று சொல்லிவிட்டாளே! மட்டம் வைத்துச் சதுரமாக்கினார். மழை வந்தது, மேலே தகரப் பந்தல் போட்டார். எலி வந்தது, மரக்கதவு மாட்டினார். ஈரம் சுவரில் இறங்காமல் இருக்க அடியில் வழுவழுப்பான பலகை அடித்தார், சந்துப் பக்கம் கொஞ்சம் நீட்டி. பலகையின் அகலம் மட்டும் லம்துவன் சொன்னது. எதற்கு அந்த அகலம் என்று அவர் கேட்கவில்லை. வேலை நன்றாக வந்துகொண்டிருந்தால் ஆண்பிள்ளை எதையும் கேட்கமாட்டான்.

மூன்று செடியும் நிமிர்ந்தன. ஆனால் மொட்டு விடவில்லை. கஞ்சாச் செடி பூக்க நீண்ட இருட்டு வேண்டும். சந்தில் தெருவிளக்கு. கதவைச் சாத்தினால் பூஞ்சை, திறந்தால் வெளிச்சம். சாத்தினார், திறந்தார், சாத்தினார். ஒரு நாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியலடி. நான் மெக்கானிக்கே இல்ல."

லம்துவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தலைமுடியில் இருந்த சிமென்ட் தூளைத் தட்டிவிட்டாள். "யாரு சொன்னா? இந்த ஊர்ல இவ்வளவு நேரா ஒரு ஓட்டை யாரு போடுவா? நீங்க போய்ப் படுங்க. செடிய நான் பாத்துக்கறேன்."

கூடத்தில் படுத்துத் தூங்கிப்போனார். எழுப்பியது உரல் சத்தம்.

நடு அறையில் செடி இல்லை. ஏசி ஓடவில்லை. லம்துவன் இடித்துக்கொண்டிருந்தாள். பலகையின் மேல் தட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சீருடைப் பெண்கள்.

"அக்கா, எனக்குக் காரம் தூக்கலா!"

"எனக்கு மீன் நிறைய!"

புன்லெர்ட் வாசற்படியில் நின்றார். "ஏய், இது ஜன்னலாச்சே!"

"சீச்சீ. ஓட்டை. சாமிகிட்டயே சொல்லியாச்சு."

"மேற்கு! எமன் வந்தா?"

"வரட்டும். மிளகாய் எத்தனைன்னு கேப்பேன்."

பெண்கள் சிரித்தார்கள். வரிசையில் தோங்பை அக்காவும் நின்றாள். அவளுக்கு மட்டும் இலவசம். அது ஏன் என்று புன்லெர்ட்டுக்கு இப்போதுதான் தோன்றியது.

"அக்கா, அந்தக் கன்னுங்க..."

"உனக்கு விக்கச் சொன்னதே அவதான் தம்பி. பூட்டுன ரூம்லதான் நல்லா வரும்னு சொல்லச் சொன்னதும் அவதான். கொஞ்சம் தள்ளி நில்லு, தட்டு வாங்கணும்."

செடிகள் முற்றத்தில் இருந்தன. மூன்று பழைய பெயின்ட் டப்பா, மேலே வானம். விசிறி இல்லை, விளக்கு இல்லை. ராத்திரி இருட்டு தன்பாட்டுக்கு வந்தது, மொட்டும் வந்தது. இலையைப் பறித்து அவள் கோழி ரசத்தில் போட்டாள். புன்லெர்ட் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, தன் விஞ்ஞான முறை கடைசியில் பலித்ததாகப் பல் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் நேரில் பார்க்க வந்தார். இலையைத் தடவிப் பார்த்தார். அசந்துபோனார். "பிரமாதம்! காத்தோட்டம் யாரு பண்ணிக் குடுத்தது?"

புன்லெர்ட் தொண்டையைக் கனைத்தார். உள்ளே உரல் நின்றது. ஒரு கணம் யோசித்தார். மத்தியானச் சாப்பாடு இன்னும் ஆகவில்லை.

"லம்துவன்" என்றார்.