பெட்டி சொல்லாததை நான் சொன்னேன்

எனக்குப் பாட வராது. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. இருபத்திரண்டு வயதில் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் "பிள்ளை பாடுமா?" என்று கேட்காமல் எழுந்ததில்லை. ஒரு கூட்டம் என் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய், பதிலே சொல்லி அனுப்பவில்லை. (காபி சரியில்லை என்று அம்மா சொல்வாள். காபி நன்றாகத்தான் இருந்தது.)

அடுத்து வரவிருந்தவர் அதியன்னூர்க்காரர், மஸ்கட்டில் வேலை. லீவில் வந்திருந்தவரை உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப்பில் இரண்டு முறை பார்த்திருந்தேன். பிடித்துவிட்டது, கொஞ்சமல்ல. இந்த மனிதரைப் பாடி விரட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் ஷார்ஜாவிலிருந்து அண்ணன் ஒரு டிஜிட்டல் ரேடியோ கொண்டுவந்தான். ஓடுவது என்ன வகை நிகழ்ச்சி என்று அதுவே கண்டுபிடித்து, சின்னத் திரையில் எழுதிக் காட்டுமாம்: நியூஸ், ஸ்போர்ட், டிராமா, ரிலிஜன், பாப் என்று முப்பது வகை. நானோ பி.எஸ்சி. பிசிக்ஸ். பாட்டுக்குப் பதில் இதை இயக்கிக் காட்டி அசத்திவிடலாம் என்றேன். அம்மா அன்றைக்கே தரகரிடம் சொல்லிவிட்டாள்: "எங்க பிள்ளைக்க ரேடியோ, நாடகமா செய்தியான்னு அதுவே சொல்லுமாக்கும்!"

அதன் பிறகுதான் பெட்டியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். என்ன வகை என்ற குறிப்பை ஸ்டேஷன்காரர்களே சேர்த்து அனுப்பினால்தான் திரையில் வருமாம். எங்கள் பக்கம் யாரும் அனுப்பவில்லை. எந்த ஸ்டேஷனை வைத்தாலும் 'ஒன்றுமில்லை' என்று இங்கிலீஷில் காட்டியது.

எங்கள் ஊர் எல்லையோரப் பாறசாலை, அதில் ஒரு வசதி உண்டு. திருவனந்தபுரமும் கேட்கும், நாகர்கோவிலும் கேட்கும். இரண்டு ஸ்டேஷன்களின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளையும் நிமிடக் கணக்காக மனப்பாடம் செய்தேன். டிகிரிக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வாசிப்பதுபோலச் சொன்னால் முடிந்தது.

ஞாயிறு முழுவதும் வீடு துடைத்ததில் ரேடியோவையோ டிவியையோ ஒருவரும் போடவில்லை. நாலரைக்கு அவரும் அவருடைய அப்பாவும் அத்தையும் வந்தார்கள். காபி குடித்து முடித்ததும் அவருடைய அப்பா கேட்டார்: "மோளே, அந்த ரேடியோ எங்க?"

திருவனந்தபுரத்தை வைத்தேன். திரையை உற்றுப் பார்த்து, "டிராமா. இப்போ ஹாஸ்ய நாடகம்," என்றேன்.

வயலின் அழுதது.

"இதாக்குமா ஹாஸ்யம்?" என்றார் அத்தை.

"தொடக்க இசை," என்றேன். தொடக்கம் முடியவே இல்லை. நாகர்கோவிலுக்குத் தாவி, "பாப். சினிமாப் பாட்டு," என்றேன். வீணை, துக்க வீட்டில் வாசிப்பதுபோல. வியர்த்துக் கொட்ட, அதற்குள் அங்கே அடுத்த நிகழ்ச்சி வந்திருக்கும் என்று மறுபடி திருவனந்தபுரத்துக்கு ஓடி, "ஸ்போர்ட், கால்பந்து வர்ணனை," என்றேன். புல்லாங்குழல் தேம்பியது.

அவருடைய அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோல் விழல்லியோ மோளே?" என்றார்.

புல்லாங்குழல் நின்றது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒருவர் தழுதழுத்த குரலில் செய்தி வாசித்தார். டெல்லியில் மூத்த தலைவர் ஒருவர் அன்று மதியம் காலமாகிவிட்டார், ஏழு நாள் துக்கம், வழக்கமான நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து.

அத்தை கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸைத் தட்டிலேயே போட்டார். "பெண்ணு பாக்க வந்த எடத்தில சாவுச் சேதி! எழும்புங்க, போலாம்." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உலகமே முடிந்துபோனது.

அவர் மட்டும் எழுந்து வந்து ரேடியோவைத் தன் பக்கம் திருப்பினார். "இதில ஒண்ணும் காட்டல்லியே. மஸ்கட்டில எங்கிட்டயும் இதுதான் உண்டு. ஸ்டேஷன்ல இருந்து அனுப்பாம வராது. பின்ன இவ்வளவு நேரமும் ஆரு சொன்னது?"

"நான்தான். மனப்பாடம் பண்ணினேன்."

"ரெண்டு ஸ்டேஷனுமா?"

"ரெண்டும்."

"எதுக்கு?"

இனி இழக்க என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன்: "எனக்குப் பாட வராது. உங்களைப் பிடிச்சிருந்தது."

"எட்டி!" என்று அம்மா அலறினாள். அவர் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எலே, சிரிக்காதே, துக்கமாக்கும்!" என்று அவருடைய அப்பா அதட்டினார். துக்கம் முடியட்டும், சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

ஏழு நாளும் அந்த வீணையைக் கேட்டேன். நாடு தலைவருக்காக அழுதது. நான் மாப்பிள்ளைக்காக அழுதேன். (தலைவரின் ஆன்மா மன்னிக்கட்டும்.) எட்டாம் நாள் காலையில் ரேடியோவில் சினிமாப் பாட்டு வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குத் தரகர் வந்தார்.

"அவியளுக்குப் பிள்ளையைப் பிடிச்சாச்சு. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்த ரேடியோவைக் கொண்டுவரக் கூடாதாம்."

அண்ணன் ரேடியோவைத் திரும்ப எடுத்துக்கொண்டான். நான் அதியன்னூருக்கு வந்து வருஷம் பல ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால், மாமனார் ஜாதகம் கேட்பதில்லை, நல்ல நேரம் பார்ப்பதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்:

"மோளே, டெல்லியில எல்லாருக்கும் சுகந்தானே?"