ஷிகாரி சென்ட் போட்ட மாப்பிள்ளை

அன்றைய சேலம் ஜில்லாவில் மூக்கு உள்ள அத்தனை பேருக்கும் ஷிகாரியைத் தெரியும். கண் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஆள் அவ்வளவு ஒல்லி. செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அவர் வருகிறார் என்றால் முதலில் வாசனை வரும், பிறகு குடை வரும், அதற்கும் பிறகுதான் ஆள் வருவார்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. மளிகை மண்டி ஒன்றின் மாடியில் எட்டு அறைகளைத் தடுத்து, 'லாட்ஜ்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். நூல் கடையில் டைப்பிஸ்ட்டாக இருந்த நான் ஓர் அறையில். பக்கத்து அறையில் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சூசை. எதிர் அறையில் ஷிகாரி. நாமக்கல் பக்கத்துக்காரர். ஊருக்கு வெளியே ஒரு சேகோ மில்லில் தொட்டி மேஸ்திரி வேலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, திப்பி என்கிற சக்கையை மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிட்டு, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிகிற மாவைச் சுரண்டித்தான் ஜவ்வரிசி செய்வார்கள். அந்தத் தொட்டித் தண்ணீர் புளித்து ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் நம்பமாட்டார்கள். அந்தத் தொட்டிக்குள் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்கிற மனிதர் சென்ட் போடாமல் என்ன செய்வார்?

அவர் போட்டது 'ஷிகாரி', அதாவது வேட்டைக்காரன், என்கிற சென்ட். அந்தப் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. பம்பாய்ச் சரக்கு. சதுரமான சீசா, பச்சை மூடி. லேபிளில் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் கையில் துப்பாக்கியோடு செத்த புலியின் மேல் ஒரு காலை வைத்து நிற்பார். புலி சிரித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். 'ஆண்களுக்கு மட்டும்' என்று கீழே அச்சடித்திருக்கும். நம்மவர் அதைக் காதுக்குப் பின்னால் தடவுவார், காலரில் தடவுவார், குடைப்பிடியில் தடவுவார், சைக்கிள் சீட்டில்கூட ஒரு சொட்டு விடுவார். ஊருக்கு எழுதுகிற கார்டிலும் அந்த வாசனை ஏறிவிடும். அவர் கிராமத்துத் தபால்காரர் விலாசத்தைப் படிக்காமலே கார்டைச் சரியான வீட்டில் போட்டுவிடுவாராம். திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை அவர் காணாமல் போய்விட்டார். சூசை மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நாலு பக்கமும் மோந்து பார்த்து, ராட்டினத்துக்குப் பின்னால் இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முப்பத்துநாலு வயதில் அவருக்குக் கல்யாண யோகம் வந்தது. பெண் எருமப்பட்டி. அப்பா மரவள்ளி போடுகிற விவசாயி, வீட்டில் இரண்டு எருமை. ஷிகாரி மில்லிலிருந்து நேராகக் கிளம்பி, அரை சீசாவைத் தலையிலிருந்து கால்வரை தெளித்துக்கொண்டு பெண் பார்க்கப் போனார். இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அத்தை மூலமாகத் தகவல் வந்தது. அதை ஷிகாரி எங்களிடம் ஒப்பித்தார்.

“அம்முணிக்குச் சம்மதமாமுங்க. மாப்ளைகிட்ட ஒரு வாசம் வருது, அது புடிச்சிருக்குதுன்னு சொல்லுச்சாமுங்க!”

அன்றைக்கு எட்டு அறைக்கும் அவரே போய்ச் சேதி சொன்னார், லாட்ஜ் முழுக்க ஷிகாரி வாசனைதான். எனக்கு மூன்று நாள் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை.

மேஸ்திரிக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஆபீஸ் மாப்பிள்ளை என்றால் இன்னும் சந்தோஷப்படுவார்களே என்று, மில் முதலாளியைக் கெஞ்சி செவ்வாய்ப்பேட்டை விற்பனை ஆபீசுக்கு வேலையை மாற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டை தைத்தார். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது சென்ட் நின்றுபோனது. கடைகளில் கேட்டால் சரக்கு வரவில்லை என்றார்கள். கம்பெனிக்கு எழுதிப் போட்டார். இங்கிலீஷில் பதில் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்.

“இந்த சென்ட் தயாரிக்கறதை நிறுத்திட்டாங்களாம்.”

“செரிங்க. மறுக்கா எப்பங்க ஆரம்பிப்பாங்க?”

“ஆரம்பிக்க மாட்டாங்களாம்.”

அவர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் புள்ள அந்த வாசத்துக்குத்தானுங்க தலையாட்டுச்சு. வாசமில்லாம போயி மணவறையில உக்காந்தா, அது ஆள் மாறாட்டமில்லீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனிதர் நிஜமாகவே பயந்திருந்தார். அந்தக் கல்யாணம் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்த பொருள், யாராவது வந்து திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைவீதியில் அத்தர் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். எந்த வாசனையையும் ஒருதரம் மோந்தால் அப்படியே செய்துவிடுவார் என்று பெயர். ஆனால் மோந்து பார்க்க ஒரு சொட்டுக்கூட எங்களிடம் மிச்சமில்லை. ஆகவே பாய் லாட்ஜுக்கே வந்து, சாட்சிகளை வரிசையாக நிற்க வைத்து விசாரித்தார். புதுக் குடைத்துணி மாதிரி இருக்கும் என்றேன் நான். மழை பெய்த சுண்ணாம்புச் சுவர் என்றார் சூசை மாஸ்டர். லாட்ஜ் சமையல்காரர், “புளிச்ச மாவுல ரோஜாப்பூ உளுந்தாப்பல இருக்குங்க” என்றார்.

“சென்ட்ல எங்கயாவது புளிப்பு இருக்குமா? நீ போய் சாம்பாரைப் பாருப்பா” என்று பாய் அவரை விரட்டினார். பிறகு ஷிகாரியைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க தம்பி” என்றார்.

ஷிகாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “வீரமா இருக்குமுங்க பாய்.”

“வீரத்துக்கு நான் எந்த எண்ணெயைத் தம்பி ஊத்துறது?”

ஊற்றினார். சந்தனம், வெட்டிவேர், ரோஜா, இன்னும் என்னவோ. அதைப் போட்டுக்கொண்டு ஷிகாரி கடைவீதியில் இறங்கினார். மிட்டாய்க் கடைக் குளவிகள் மொத்தமும் ஜிலேபியை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்தன. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு லாட்ஜுக்கு ஓடி வந்தவரின் உதடு, இட்லி அளவுக்கு வீங்கியிருந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்புறம் ஓர் அதிசயம். அம்மாபேட்டை முடிதிருத்தும் கடை ஒன்றில், கண்ணாடி அலமாரியில் அழகுக்காக வைத்திருந்த ஷிகாரி சென்ட் ஒன்றைப் பாய் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். சீல்கூட உடைக்காத அசல். லாட்ஜே கூடி நிற்க, ஷிகாரி மூடியைத் திறந்து கழுத்தில் தடவிக்கொண்டார். நாங்கள் ஒவ்வொருவராக மோந்தோம்.

“டூப்ளிகேட்” என்றார் சூசை மாஸ்டர்.

“இது இல்லவே இல்லை” என்றேன் நான்.

சமையல்காரர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஷிகாரியே தன் காலரை இழுத்து மோந்துவிட்டு, “ஏமாத்திப்போட்டானுங்க” என்றார்.

“என்னய்யா இது அநியாயம்! சீல் உங்க கண்ணெதிர்லதான உடைஞ்சுது!” என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சீசா அசல், லேபிள் அசல், புலியும் அதே சிரிப்புத்தான் சிரித்தது. வாசனை மட்டும் வேறு. எங்களுக்கு மூக்கு கெட்டுவிட்டதா, பம்பாய்க்காரர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

ஷிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு எருமப்பட்டிக்கு பஸ் ஏறினார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வந்து நின்றால் பெண்ணைப் பெற்றவருக்கு எப்படி இருக்கும்? எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“வாங்க மாப்ளை, வாங்க. ஏனுங்க, எதாச்சும் கொறைங்களா?”

“கொறையெல்லாம் என்றகிட்டத்தானுங்க. அந்த வாசம் தீந்துபோச்சுங்க. அம்முணி என்னைய இன்னொருக்கா பாத்து மோந்துபோட்டு, அப்பறம் முடிவு சொல்லட்டுமுங்க.”

மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் தனியாக எருமைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “மாப்ளை சைக்கிள் கேக்கறாருங்களா? நேரா கேக்கச் சொல்லுங்க சாமி. இப்பிடிச் சுத்தி வளைச்சா எனக்கு ஆகாதுங்க.”

“சைக்கிள் இருக்குதுங்க. சென்ட்தான் இல்லை” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், என்னையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிட்டார் என்று தெரிந்தது.

இதற்குள் ஷிகாரி வாசலில் நின்று, கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “நான் இவ்வளவுதானுங்க. இனி வாசமெல்லாம் வராதுங்க. வேண்டாமுன்னு சொன்னாலும் நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேனுங்க.”

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

“அந்த சென்ட்டுங்களா? அதுல எனக்கு மூணு நாளு தலவலிங்க. நான் சொன்னது அந்த வாசமில்லீங்க.”

“பின்ன எதுங்க?”

“திப்பி வாசமுங்க. எங்கூட்டு எருமைக்கு மில்லுலருந்து கெழங்குத் திப்பி வாங்கிப் போடறமில்லீங்களா, அதே புளிச்ச வாசம் உங்க மேல வந்துச்சுங்க. இதுக்கு முந்தி ஒருத்தர் மில்லு மேஸ்திரின்னு சொல்லிப் பாத்துட்டுப் போனாருங்க. அப்பறம் பாத்தா வேலையே இல்ல. நீங்க தொட்டியில எறங்கி நிக்கறவருன்னு மோந்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. பொய் சொல்லற ஆளில்லன்னு நெனச்சேன்.” கதவு கொஞ்சம் திறந்தது. “இன்னிக்கு அந்த வாசமே வரலீங்களே. வேலைய உட்டுப்போட்டீங்களா?”

ஷிகாரி ஆடிப்போய்விட்டார். வெள்ளைச் சட்டை, ஆபீஸ் வேலை, வீரம், எல்லாம் ஒரே நொடியில் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டன.

“இல்லீங்க! இல்லீங்க! உங்களுக்கோசரம் ஆபீசுக்கு மாத்திக்கிட்டேனுங்க! நாளைக்கே தொட்டிக்குப் போயிர்றேனுங்க! கண்ணாலத்துக்கு முந்தின நாளுகூட நின்னுட்டே வாரேனுங்க!”

உள்ளே வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. மாமனார் மட்டும் கடைசிவரை, சைக்கிள் விவகாரம் எப்படித் தீர்ந்தது என்று குழம்பிக்கொண்டே எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

கல்யாணப் பத்திரிகையில் அவருடைய நிஜப் பெயரைப் படித்துவிட்டு, இது யார் கல்யாணம் என்று லாட்ஜில் நாலு பேர் கேட்டார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது தொட்டியிலிருந்து அப்படியே வந்தார் மாப்பிள்ளை. வீணாகப் போகிறதே என்று அந்த 'டூப்ளிகேட்' சென்ட்டையும் மேலே தெளித்திருந்தார். பந்தலுக்குள் அவர் நுழைந்ததும் சூசை மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

“ஷிகாரி சென்ட்! ஒரிஜினல்! எங்கய்யா கெடச்சுது?”

அதேதான். அதே வாசனை. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். அத்தர் பாய் மாப்பிள்ளையின் காலருக்குப் பக்கத்தில் குனிந்து ஒருதரம் மோந்தார், சீசாவை ஒருதரம் மோந்தார், மறுபடியும் காலரை மோந்தார். பிறகு சமையல்காரரைத் தேடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதாம்ப்பா சரியாச் சொன்ன. இத்தனை வருசமா நாம மோந்தது சென்ட்டை மட்டுமில்ல, சென்ட்டோட சேத்து அந்தத் தொட்டியையும் ஆளையும். இதை நான் எந்த சீசாவுல அடைக்கிறது?” என்றார். மணவறையில் பெண் ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஷிகாரி அதற்குப் பிறகு ஆபீஸ் பக்கமே போகவில்லை, தொட்டியிலேயே இருந்துவிட்டார். நானும் சேலத்தை விட்டு வந்து பல வருஷம் ஆயிற்று. எப்போதாவது நாமக்கல் போகிறபோது, சேகோ மில் ஒன்றைத் தாண்டும் இடத்தில் பஸ்ஸில் எல்லோரும் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் மட்டும் ஜன்னல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, பின்னாலேயே ஒரு குடை வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.